கெமிக்கலும் பயோடெக்கும் சேர்த்துப் படிக்க: சேகோ மில்லில் இருந்து தொடங்கலாம்

கெமிக்கல் இன்ஜினியரிங்கும் பயோடெக்னாலஜியும் சேர்த்துப் படிக்கப் போகிறேன் என்று சேலத்தில் ஒரு பிள்ளை சொன்னால், "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலா?" என்று வீட்டில் யாராவது ஒருவர் கேட்காமல் இருக்கமாட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. காலையில் ஹீட் டிரான்ஸ்ஃபர், மதியம் மாலிக்யுலர் பயாலஜி என்று டைம்டேபிள் ஓடும். ஒருவர் நடத்துவதை இன்னொருவர் எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு ரெக்கார்டு நோட்டு, இரண்டு வைவா. நான்கு வருடம் முடியும்போது இரண்டிலும் அரைகுறையாக நிற்பவர்களும் உண்டு.

இரண்டையும் ஒரே துறையாகப் பார்ப்பது புதிதல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2008இல் கெமிக்கல் துறையையும் பயோடெக்னாலஜி நிறுவனத்தையும் ஒன்றாக்கியது. டெல்லி ஐ.ஐ.டி.யில் துறையின் பெயரே பயோகெமிக்கல் இன்ஜினியரிங் அண்ட் பயோடெக்னாலஜி. எம்.ஐ.டி.யில் 10-பி என்று தனிப் பட்டமே இருக்கிறது. சென்னையில் 1944இல் தொடங்கிய ஏ.சி. டெக்கில் கெமிக்கலும் இண்டஸ்ட்ரியல் பயோடெக்னாலஜியும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. ஆனால் துறையை நிர்வாகம் சேர்த்துவிடலாம். கணக்கை மாணவர்தான் சேர்க்க வேண்டும். அதற்கு ஒரே வழி, உண்மையான ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொண்டு, படிக்கும் ஒவ்வொரு பாடத்தையும் அதன்மேல் போட்டுப் பார்ப்பது. இந்த விஷயத்தில் சேலத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆத்தூர் பக்கம் போனால் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ மில். மலை ஏறினால் ஏற்காட்டில் காபி. இரண்டிலும் இன்ஜினியரிங்கும் நுண்ணுயிரும் ஒரே தொட்டியில் கிடக்கின்றன.

சேகோ மில்லில் நடப்பது வெளியில் இருந்து பார்க்க எளிது. மரவள்ளிக்கிழங்கைக் கழுவி, தோல் நீக்கி, அரைத்து, சல்லடையில் திப்பியைப் பிரித்து, கிடைக்கும் மாவுப் பாலைத் தொட்டியில் தேக்கினால் மாவு அடியில் படியும். மேல் தண்ணீரை வடித்துவிட்டு, படிந்த மாவை வெட்டி எடுத்து, உருட்டி, வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. இதில் தொட்டியை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒரு வாரம் உட்கார்ந்து போடுவதற்கு இந்த ஒரு தொட்டியில் கணக்கு இருக்கிறது.

மரவள்ளி மாவுத் துகள் பெரும்பாலும் 5 முதல் 35 மைக்ரான் வரை. சராசரி 15 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளலாம். அடர்த்தி தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு. சின்னத் துகள் திரவத்தில் இறங்கும் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதியை 30 டிகிரி தண்ணீருக்குப் போட்டால் 15 மைக்ரான் துகள் மணிக்கு 27, 28 செ.மீ. இறங்கும். பால் கெட்டியாக இருந்தால் துகள்கள் ஒன்றையொன்று தடுக்கும். மாவின் பங்கு கொள்ளளவில் 5 சதவீதம் என்றால் இந்தத் தடையைச் சேர்த்துக்கொள்ளும் ரிச்சர்ட்சன்–ஜாக்கி திருத்தத்தில் வேகம் 22 செ.மீ. பக்கம் வந்துவிடும். தொட்டி 1.2 மீட்டர் ஆழம் என்றால் ஐந்தரை மணி நேரம். மில்லில் போய்க் கேட்டால் ஆறு மணி, எட்டு மணி என்பார்கள். புத்தகக் கணக்கும் மேஸ்திரி சொல்வதும் இவ்வளவு நெருக்கமாக வருவதை ஒருமுறை பார்த்துவிட்டால் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் மேல் ஒரு நம்பிக்கை வரும்.

அதே கணக்கை 5 மைக்ரான் துகளுக்குப் போட்டுப் பாருங்கள். வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் ஒன்பதில் ஒரு பங்குதான். தடை எதையும் சேர்க்காமலே 1.2 மீட்டர் இறங்க 39 மணி நேரம். அவ்வளவு நேரம் யாரும் காத்திருப்பதில்லை. சின்னத் துகள் மேல் தண்ணீரோடு வெளியே போகிறது. அதாவது கழிவுநீரில் இருக்கும் மாவு, மில்காரர் விற்காமல் விட்ட மாவு. அதைப் பிடிக்கக் கூடுதலாக ஆறு மணி நேரம் தேக்கினால் என்ன என்று கெமிக்கல் மாணவர் கேட்பார். பயோடெக் மாணவர் பதில் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

அந்தப் பாலில் சர்க்கரை இருக்கிறது, புரதம் இருக்கிறது, கிழங்கோடு வந்த மண்ணில் இருந்து லாக்டிக் அமில பாக்டீரியாவும் வந்திருக்கிறது. ஒரு மில்லிக்கு பத்தாயிரம் செல்லோடு தொடங்கி மணிக்கு ஒருமுறை இரட்டிப்பானால், ஆறு மணி நேரத்தில் 64 மடங்கு. அதாவது ஆறு லட்சத்துக்குச் சற்று மேல். பெரிதாக ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு மணி நேரத்தில் 4,096 மடங்கு. நான்கு கோடி செல். புளிப்பு வாடை, நுரை, மாவின் வெண்மை குறைவது எல்லாம் இந்த அளவில்தான் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டும். சின்னத் துகளைப் பிடிக்கப் போய் மொத்தத் தொட்டியின் தரமும் இறங்கிவிடும். படிந்த மாவின் மேலே மஞ்சளாக ஒரு படலம் நிற்பதையும் ஆட்கள் அதைச் சுரண்டி ஒதுக்குவதையும் மில்லில் பார்க்கலாம். லேசான நார்த் துணுக்கும் புரதமும் கடைசியாக இறங்கும் இடம் அது.

இதில் இருந்து வரும் முடிவுகள் எல்லாம் இரண்டு பாடமும் சேர்ந்தால்தான் வரும். முதலாவது, தொட்டியைக் கழுவுவது. மூலையில் நேற்றைய பால் ஒட்டியிருந்து, தொடக்கமே பத்தாயிரத்துக்குப் பதிலாகப் பத்து லட்சம் செல் என்றால், அது நூறு மடங்கு. இரட்டிப்புக் கணக்கில் ஆறரை மணி நேரம். படிவதற்கு இருந்த அவகாசம் முழுக்க அங்கேயே போய்விட்டது. அதனால் மூலை வளைவாக, சுவர் வழவழப்பாக இருக்கும் தொட்டி செலவுக்குத் தகும். இரண்டாவது, ஆழம். பரப்பை இரட்டிப்பாக்கி ஆழத்தைப் பாதியாக்கினால் நேரமும் பாதி. மூன்றாவது, கோடை. 30 டிகிரியில் இருந்து 40க்குப் போனால் தண்ணீரின் பிசுபிசுப்பு ஐந்தில் ஒரு பங்கு குறையும். மாவு அந்த அளவு வேகமாக இறங்கும். ஆனால் பாக்டீரியா அதைவிட வேகமாக ஓடும். பந்தயத்தில் கோடை எப்போதும் பாக்டீரியா பக்கம். மாவைச் சுழற்றிப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன், சென்ட்ரிஃப்யூகல் செப்பரேட்டர் போட்ட மில்கள் மணிக்கணக்கை நிமிடக்கணக்காகக் குறைப்பதன் பெரிய லாபம் இந்த அவகாசம்தான். மின்சாரச் செலவை மட்டும் வைத்து அந்த மெஷினை மதிப்பிடும் புராஜெக்ட் ரிப்போர்ட் பாதிதான் எழுதப்பட்டது.

கிழங்கின் சயனைடு விஷயமும் இப்படித்தான். மரவள்ளியில் இருப்பது லினமரின். செல் உடைந்ததும் லினமரேஸ் என்சைம் அதைத் தொட்டு குளுக்கோஸாகவும் அசிட்டோன் சயனோஹைட்ரினாகவும் உடைக்கிறது. இரண்டாவது பொருள் பி.ஹெச். 5க்கு மேல் தானாகவே உடைந்து ஹைட்ரஜன் சயனைடு ஆகும். அதன் கொதிநிலை 26 டிகிரி. சேலத்து வெயிலில் ஆவியாகிவிடும், மீதி தண்ணீரோடு போகும். ஆகவே நன்றாக அரைத்துக் கழுவிய மாவில் பிரச்சினை இல்லை. கிழங்கைத் துண்டு போட்டுச் சட்டென்று டிரையரில் காயவைத்தால்? செல் உடையவில்லை, என்சைமுக்குத் தண்ணீரும் இல்லை. லினமரின் அப்படியே உள்ளே தங்கிவிடும். டிரையர் டிசைன் செய்கிறவருக்கு என்சைம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

கழிவுநீருக்கு வருவோம். மூன்றாம் ஆண்டு மினி புராஜெக்டுக்கு இதைவிட வளமான தலைப்பு இந்த மாவட்டத்தில் கிடையாது. ஒரு நாளைக்கு 100 கன மீட்டர் தண்ணீர், சி.ஓ.டி. (கழிவை ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று வைத்தால் நாளுக்கு 500 கிலோ. காற்றில்லாமல் நுண்ணுயிர் கழிவைத் தின்று கேஸாக்கும் டைஜஸ்டரில் 80 சதவீதம் நீங்கினால் 400 கிலோ. ஒரு கிலோ சி.ஓ.டி.க்கு 0.35 கன மீட்டர் மீத்தேன் (0 டிகிரி, சாதாரண காற்றழுத்தத்தில்) என்பது ஸ்டாய்க்கியோமெட்ரி, அதாவது வினைச் சமன்பாட்டுக் கணக்கு, தரும் உச்சவரம்பு. ஆக 140 கன மீட்டர் மீத்தேன், வெப்பமாக 1,390 யூனிட் அளவு; கேஸ் இன்ஜினில் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு, 460 யூனிட் மின்சாரம். இந்த உச்சவரம்புக்கு மேல் யாராவது மீத்தேன் வருகிறது என்று கணக்குக் காட்டினால், மீட்டரிலோ மாதிரி எடுத்ததிலோ தவறு என்று அர்த்தம். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஒப்பிடும் மெட்டீரியல் பேலன்ஸின் பயன் இதுதான்: பொய்யைக் கண்டுபிடிக்கும்.

டைஜஸ்டர் படுத்துவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பயாலஜி பக்கம். மாவை அமிலமாக மாற்றும் பாக்டீரியா மணிக்கணக்கில் பெருகும். அமிலத்தை மீத்தேனாக்கும் கூட்டம் நாள்கணக்கில்தான் பெருகும். திங்கட்கிழமை மில் முழு ஓட்டம் ஓடிச் சுமை திடீரென்று ஏறினால் அமிலம் தேங்கும், பி.ஹெச். 6.8க்குக் கீழே சரியும், மீத்தேன் கூட்டம் இன்னும் சோர்ந்துபோகும், அமிலம் இன்னும் தேங்கும். பி.ஹெச். மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் தாமதமாகத்தான் தெரியும், ஏனென்றால் கரைந்த பைகார்பனேட் தீரும் வரை அது அசையாது. பார்க்க வேண்டியது ஆவியாகும் கொழுப்பு அமிலத்துக்கும் ஆல்கலினிட்டிக்கும் (அமிலத்தைத் தாங்கும் திறன்) உள்ள விகிதம். 0.3ஐத் தாண்டினாலே வரத்தைக் குறைக்க வேண்டும். சுண்ணாம்பை அள்ளிக் கொட்டுவது பலரும் செய்யும் காரியம். கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக அடியில் படிந்து குழாயை அடைக்கும். சோடியம் பைகார்பனேட் விலை கூடுதல், ஆனால் வேலை சுத்தம். இன்னொன்று, மாவுக் கழிவில் கார்பன் கொட்டிக் கிடக்கும், நைட்ரஜன் மிகக் குறைவு. சி.ஓ.டி. 300 பங்குக்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்ற அளவாவது வர யூரியாவும் டி.ஏ.பி.யும் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஏற்காட்டுக்குப் போனால் பாடம் மாறும். ஏற்காடு கடல்மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர். காற்றழுத்தம் 85 கிலோபாஸ்கல் பக்கம். தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே ஒரு சின்ன லேபில் நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவை வைத்து, வழக்கம்போல 15 பி.எஸ்.ஐ. வந்ததும் 15 நிமிடம் என்று நிறுத்தினால் என்ன ஆகும்? முள் காட்டுவது கேஜ் பிரஷர், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பது. 15 பி.எஸ்.ஐ. என்பது 103 கிலோபாஸ்கல். 85ஐக் கூட்டினால் 188. அந்த அழுத்தத்தில் நீராவி 118 டிகிரிதான். 121 டிகிரிக்கு 205 வேண்டும், அதாவது முள் 17.5 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். மூன்று டிகிரி தானே என்று விட முடியாது. வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரியா வித்தான ஸ்போர் சாகும் வேகம் 10 டிகிரிக்குப் பத்து மடங்கு மாறும். மூன்று டிகிரி குறைந்தால் வேகம் பாதி. 15 நிமிட வேலைக்கு அரை மணி தேவை. பாத்திரத்தின் அனுமதி அழுத்தத்துக்குள் இருந்தால் அழுத்தத்தைக் கூட்டலாம், இல்லையென்றால் நேரத்தைக் கூட்ட வேண்டும். நுண்ணுயிர் வளர்க்கும் மீடியா மீண்டும் மீண்டும் கெட்டுப்போனால் ஆளைத் திட்டுவதற்கு முன் அழுத்தத்தை முழு அளவில் எழுதிப் பாருங்கள். கெமிக்கலில் முதல் செமஸ்டரில் வரும் கேஜ், அப்சல்யூட் வித்தியாசம் மைக்ரோபயாலஜி லேபில் இப்படி வந்து நிற்கும். தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் மலைமேல் காற்றழுத்தம் குறையும் அதே விகிதத்தில் குறைவு என்பதைக் கூடவே குறித்துக்கொள்ளலாம்.

காபியில் இரண்டு இடம். பழம் பறித்த அன்றே பல்ப்பரில் தோல் நீக்கி, கொட்டைமேல் இருக்கும் கொழகொழப்புப் போக அராபிகாவைத் தொட்டியில் 24 முதல் 36 மணி நேரம் புளிக்க வைப்பார்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் நேரம் சுமார் இரட்டிப்பு. மார்கழிக் குளிரில் கடிகாரத்தை நம்பிக் கழுவினால் கொழகொழப்பு பாதி ஒட்டியிருக்கும். வெயில் நாளில் அதே நேரம் விட்டால் மிஞ்சிப்போய் நாற்றக் கொட்டை வரும். எஸ்டேட் ஆட்கள் ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவித் தேய்த்துப் பார்ப்பார்கள். வழுக்கல் போய், கூழாங்கல் உரசுகிற மாதிரி சரசரப்பு கேட்டால் சரி. அந்தக் கைப்பரிசோதனையின் பக்கத்தில் பி.ஹெச்.சையும் வெப்பத்தையும் மணிக்கு ஒருமுறை எழுதி ஒரு வரைபடம் போட்டால், கைனெடிக்ஸ் வகுப்பில் உட்கார்ந்து படிப்பதைவிட அதிகம் விளங்கும்.

இரண்டாவது இடம் காயவைப்பது. 55 சதவீத ஈரத்தில் இருக்கும் 100 கிலோ பார்ச்மென்ட் காபியை (கழுவிய, மெல்லிய உறையோடு இருக்கும் கொட்டை) 11 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் எவ்வளவு தண்ணீர் போனது? பத்துக்கு ஏழு பேர் 44 கிலோ என்பார்கள். தவறு. உலர்ந்த பொருள் 45 கிலோ; அது முடிவில் 89 சதவீதம், ஆக மொத்த எடை 50.6 கிலோ, போன தண்ணீர் 49.4 கிலோ. மாறாத பொருளைப் பிடித்துக்கொண்டு கணக்கைத் தொடங்கும் பழக்கம் வந்துவிட்டால் நுண்ணுயிர் வளர்க்கும் தொட்டியான ஃபெர்மென்டரின் பேலன்ஸும் அதே வழியில் போய்விடும்.

பிளஸ் டூவில் பயோ மேத்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு பயோகெமிஸ்ட்ரி பயமில்லை. டிஃபரன்ஷியல் சமன்பாட்டில் சிக்குவார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் இருந்து வருபவர்கள் சமன்பாட்டை எழுதிவிடுவார்கள், ஆனால் எந்த எண் இயல்பானது என்று தெரியாது, ஈ.கோலை பாக்டீரியா நடக்க முடியாத வேகத்தில், ஐந்து நிமிடத்தில் இரட்டிப்பாவதாக விடை வந்தாலும் அடிக்கோடு போட்டுவிட்டுப் போவார்கள். இருவரையும் சேர்த்துக் குப்புறத் தள்ளுவது அலகுகள். சென்ட்ரிஃப்யூஜில் பயோ லேப் ஆர்.பி.எம். எழுதும், ஆரம் தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. 8 செ.மீ. ஆரத்தில் 10,000 ஆர்.பி.எம். என்பது ஈர்ப்பு விசையைப் போல 8,900 மடங்கு, ஆரம் மாறினால் அதுவும் மாறும். என்சைம் யூனிட் என்பது நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல். ரியாக்டர் சமன்பாடு விநாடிக்கு மோல் கேட்கும். பயோகெமிஸ்ட்ரியில் கிப்ஸ் எனர்ஜி அட்டவணை பி.ஹெச். 7க்கு, கெமிக்கல் தெர்மோவில் பி.ஹெச். 0க்கு. ஹைட்ரஜன் அயனி வரும் வினையில் இரண்டு அட்டவணையையும் கலந்தால் குறியே மாறிவிடலாம்.

மாறாக, வேறு வேறு பெயரில் ஒரே பொருள் வருவதும் உண்டு. கேட்டலிஸ்ட் பாடத்தில் லாங்மியூர், என்சைமில் மைக்கேலிஸ்–மென்டன், செல் வளர்ச்சியில் மோனோ என்று மூன்று சமன்பாடுகள்: வளைகோட்டின் உருவம் ஒன்றுதான். காரணம் மட்டும் ஒன்றல்ல. முதல் இரண்டும் இடப்பற்றாக்குறையில் இருந்து வருவிக்கப்பட்டவை, மோனோ அனுபவத்தில் பொருத்தப்பட்டது. தொடர்ந்து வரத்தும் வெளியேற்றமும் உள்ள கலக்கும் ரியாக்டரான சி.எஸ்.டி.ஆரும், அதே மாதிரி செல் வளர்க்கும் கீமோஸ்டேட்டும் ஒரே தொட்டி. ஆனால் கீமோஸ்டேட்டில் வரத்து வேகம் செல் பெருகும் வேகத்தைத் தாண்டினால் செல் எல்லாம் அடித்துக்கொண்டு போய் வெறும் மீடியா மட்டும் மிஞ்சும். சாதாரண ரியாக்டரில் கன்வர்ஷன், அதாவது வினையில் மாறும் பங்கு, குறையும், அவ்வளவுதான். தானே பெருகும் கேட்டலிஸ்ட் என்பதால் வரும் வித்தியாசம் இது. இந்த இரண்டு பாடங்களையும் ஒரே நோட்டில், இடது பக்கம் ஒன்று வலது பக்கம் ஒன்றாக எழுதுவது நல்லது.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. செல் ஒரு மோல் ஆக்சிஜனைச் செலவழித்தால் சுமார் 460 கிலோஜூல் வெளிவரும். லிட்டருக்கு மணிக்கு 100 மில்லிமோல் ஆக்சிஜன் எடுக்கும் கல்ச்சர், 10,000 லிட்டர் என்றால் 128 கிலோவாட். 2 லிட்டர் ஃபெர்மென்டரில் இது சுவர் வழியே போய்விடும். அதே உருவத்தில் 5,000 மடங்கு பெரிதாக்கினால் லிட்டருக்கான சுவர்ப் பரப்பு 17இல் ஒரு பங்காகக் குறையும். சுவரைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் ஜாக்கெட் போதாது, உள்ளே குழாய்ச் சுருளான காயில் வேண்டும். கூலிங் டவர் தண்ணீர் காற்றின் வெட் பல்ப் வெப்பநிலைக்குக் (ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவு) கீழே போகவே போகாது. சேலம் கோடையில் 30 டிகிரி ஈஸ்ட் தொட்டியை அந்தத் தண்ணீரால் குளிர்விக்க வித்தியாசமே மிஞ்சாது. சில்லர் போட வேண்டும், அல்லது 37 டிகிரியில் வளரும் உயிரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செலவு எங்கே குறைகிறது என்பதை ஜெனெடிக்ஸ் படித்தவரும் ஹீட் டிரான்ஸ்ஃபர் படித்தவரும் சேர்ந்துதான் சொல்ல முடியும்.

லேப் நேரம் தனித் தலைவலி. டிஸ்டிலேஷன் பரிசோதனை மூன்று மணி நேரத்தில் முடியும். செல் வளர்ச்சிக்கு லேப் பெல் தெரியாது. முந்தைய நாள் மாலை விதைக் கல்ச்சர் போட்டு, காலை முதல் வேலையாக 2 சதவீதம் எடுத்துப் புது மீடியாவில் விட்டு, அரை மணிக்கு ஒருமுறை கலங்கல் அளவு (ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பது) எடுத்தால் ஒரு வேலை நாளில் முழு வளைகோடு கிடைக்கும். விதையை இரண்டு நாள் பழசாக எடுத்தால் வளர்ச்சி தொடங்குவதற்கு முந்தைய லேக் கட்டம் நீண்டு மாலை ஆறு மணிக்குத்தான் வளைகோடு தூக்கும். கலங்கல் அளவு 0.6, 0.7ஐத் தாண்டினால் நீர்த்து அளக்க வேண்டும். நேரடியாக அளந்தால் வளர்ச்சி நின்றுவிட்ட மாதிரி பொய்த் தட்டை தெரியும்.

எதற்கு அதிக நேரம் கொடுப்பது என்று கேட்டால்: முதல் இரண்டு வருடம் பேலன்ஸ், டிரான்ஸ்போர்ட், தெர்மோ. இவற்றில் அரியர் வைத்துக்கொண்டு ஜீன் எடிட்டிங் எலெக்டிவ் எடுப்பது வீண். பயாலஜியைப் பின்னால் நிரப்பிக்கொள்ளலாம், கணக்கைப் பின்னால் நிரப்புவது கடினம்.

இன்பிளான்ட் டிரெயினிங்குக்குச் சேகோ மில் என்று முடிவானால் கிழங்கு சீசனில், அரவை ஓடும்போது போக வேண்டும். சும்மா இருக்கும் மில்லில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. தெர்மாமீட்டர், பி.ஹெச். தாள், ஒரு லிட்டர் அளவுச் சாடி, ஸ்டாப்வாட்ச் போதும். பாலைச் சாடியில் பிடித்து, தெளிவுக் கோடு இறங்குவதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தாலே படியும் வேகம் வந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை டன் கிழங்கு, எத்தனை மூட்டை மாவு, எவ்வளவு திப்பி, எத்தனை மணி நேரம் மோட்டார் என்று கேட்டு எழுதினால் பேலன்ஸ் போடலாம். ஈரமான திப்பியை அப்படியே எடை போட்டுக் கணக்கில் சேர்த்தால் வராது; கொஞ்சம் காயவைத்து உலர் எடை எடுங்கள்.

கழிவுநீர்க் குழிக்குள்ளோ டைஜஸ்டருக்குள்ளோ எந்தக் காரணத்துக்கும் இறங்கக் கூடாது, தலையை நீட்டவும் கூடாது. மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு மூன்றும் அங்கே உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். அழுகிய முட்டை வாடை நின்றுவிட்டது என்றால் ஆபத்து கூடிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மாதிரி வேண்டுமென்றால் நீளக் கழியில் பாட்டிலைக் கட்டி, காற்று வரும் பக்கம் நின்று, கூட ஒருவரை வைத்துக்கொண்டு எடுங்கள்.